அக்காவின் ஒட்டுப் பொட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மாத்திரையில் வந்துதான் முடிகிறது. யாருக்கு எந்த முட்டி, யாருக்கு எத்தனை வேளை. நானும் அந்தக் கூட்டம்தான். போன மாசியில் என் இடது மணிக்கட்டில் ஒரு தடிப்பு வந்தது. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. மருமகன் வாங்கித் தந்த புதுக் கடிகாரத்தின் ரப்பர் பட்டைதான் காரணம் என்று கண்டுபிடிக்க, பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவுக்குப் பத்து நிமிடம் ஆனது. பத்தே நிமிடம். எங்கள் வீட்டில் இதேபோல் ஒரு தடிப்புக்குக் காரணம் தெரிய நாற்பத்தைந்து வருடம் பிடித்தது. தெரிந்தபோது அது யாருக்கும் உதவவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். சந்தோஷமாக முடியும் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்கு இருபது. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு முடுக்கில் வீடு. நாங்கள் சைவம். மீன் என்ற சொல்லைக்கூட அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வாள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பேசுவதையெல்லாம் வகுப்பிலேயே பேசி முடித்துவிட்டு வருவார். வீட்டில் வாய் என்றால் அம்மாவும், இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மாவின் தம்பியும்தான். அந்த மாமாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது, அல்லது கிடையாது என்று அவர் நம்பினார்.

ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுநாள். குற்றாலத்துச் சாரல் காற்று டவுன் வரை வந்து முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் தெளித்துக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் மிதிபட்ட வாழைப்பழத் தோலும் கரும்புச் சக்கையும். திருவிழாக் கடைகளை இன்னும் பிரிக்கவில்லை. வளையல் கடை ஒன்றில்தான் நான் முதன்முதலாக ஒட்டுப் பொட்டைப் பார்த்தேன். உங்களுக்கும் நினைவிருக்கும், அதுவரை நமக்கெல்லாம் சாந்தும் குங்குமமும்தான். வியர்த்தால் மூக்குவரை வழியும். இது அப்படியில்லை. ஒரு வழவழப்பான அட்டையில் வரிசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு பொட்டு, அரக்குச் சிவப்பு, தொட்டால் பூனைக் காது மாதிரி மெத்தென்று இருந்தது. பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். அப்பாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற பசையின் வாசம். எனக்கு அந்த வாசம் ரொம்பப் பிடிக்கும்.

தரையில் புரளாத குறையாக அடம்பிடித்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்து நெற்றியில் வைக்கப் போனபோது அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, சின்னப் பிள்ளைக்கு ஒட்டுப் பொட்டு எதுக்கு? உனக்குச் சாந்து போதும். அக்காட்ட குடு. அவ தையல் கிளாஸுக்கு வச்சிட்டுப் போவா."

அழுதுகொண்டே கொடுத்தேன். என் நெற்றி தப்பியது அப்படித்தான்.

அக்கா அதை வைத்துக்கொண்டு வந்து நின்றபோது அழுகையை மறந்து பார்த்தேன். அவள் மாநிறம். நேர் நெற்றி. இரு புருவத்துக்கும் நடுவில் அந்தச் சிறு வட்டம், பிறக்கும்போதே அங்கே இருந்ததுபோல உட்கார்ந்துகொண்டது. மாலையில் வீடு திரும்பியதும் பொட்டை எடுத்து, கூடத்தில் தொங்கிய தேக்குச் சட்டக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். மறுநாள் எடுத்து மறுபடி வைப்பாள். ஒன்றை ஒரு வாரம் ஓட்டுவாள். பசை போனவற்றையும் அவள் எறிவதில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கண்ணாடியில் யார் முகம் பார்த்தாலும் கன்னத்திலும் கழுத்திலும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அப்பா சவரம் செய்யும்போது அதைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். அப்பா சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

ஆவணியில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மணிமுத்தாறு அணையில் ஓவர்சியர். அணைக்கட்டுக்குப் பக்கத்திலேயே அவருக்குக் குவார்ட்டர்ஸ். காபி டம்ளரை எடுக்கும்போது அவர் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கன தண்ணி சத்தம் எந்நேரமும் கேட்டுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு உறக்கம் வருமா?"

"வரும்" என்றாள் அக்கா.

அதன்பிறகு ஒரு மாதம் அவள் தையல் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டிருந்தாள். நானும் அவளும் படுக்கையில் கிடந்து, தண்ணீர்ச் சத்தம் எப்படி இருக்கும் என்று வாயால் செய்து பார்ப்போம். இஸ்ஸ் என்று அவள் தொடங்குவாள். நான் சேர்ந்துகொள்வேன். அம்மா வந்து அதட்டும்வரை ஓடும்.

அரிப்பு தொடங்கியது அந்த நாட்களில்தான். நடு நெற்றியில் மிளகளவு சிவப்பு. சொறியாதே என்றால் கேட்க மாட்டாள். அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள், வேப்பிலை போட்டாள். சிவப்பு போகவில்லை. ஐப்பசியில் நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று, முகத்தில் இப்படி இருந்தால் எப்படி என்று பயந்து தெரு முனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

டாக்டர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. "இப்பம் குங்குமத்துல என்னத்தையோ சாயத்தக் கலக்கான். அதான் சேரல. கொஞ்ச நாளைக்கி நெத்தியில குங்குமம் வைக்காத" என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். நிச்சயம் ஆகப்போகிற பெண் வெறும் நெற்றியோடு வளைய வருவதாவது? எங்கள் ஜனங்களில் வெறும் நெற்றி எதற்கு அடையாளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஒரு கணம்தான் யோசித்திருப்பாள்.

"டாக்டர் குங்குமம்தான வைக்கக் கூடாதுன்னாரு? ஒட்டுப் பொட்டு இருக்குலா. அதுல சாயம் ஒண்ணும் கலக்கல. ராவும் பகலும் அதையே வச்சுக்க."

அதுவரை அக்கா அதை வெளியே போகும்போது மட்டும்தான் வைப்பாள், வீட்டில் குங்குமம். டாக்டர் பேச்சைத் தட்டாத குடும்பம் நாங்கள். அன்றிலிருந்து பொட்டு நெற்றியை விட்டு இறங்கவே இல்லை. குளிக்கும்போது எடுப்பாள், துடைத்துவிட்டு வைப்பாள். களிம்பின் மேலேயே வைப்பாள்.

புரட்டாசி கடைசியில் சிவப்புக்கு நடுவே வெளுப்புத் தெரிந்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மறைப்பதற்குக் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கிவந்தாள். வெளுப்பு அதன் ஓரத்துக்கு வந்தது. அதைவிடப் பெரியது வாங்கினாள். பொட்டு வளர வளர அதற்கு அடியில் அதுவும் வளர்ந்தது. வெளுப்பு பெரிதாகிறது, அதனால் பெரிய பொட்டு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்காவது திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பா அறிவியல் வாத்தியார்.

நிச்சயத்தன்று நல்ல மழை. முடுக்கில் கணுக்கால் அளவு தண்ணீர். மாப்பிள்ளை வீட்டார் வேனை ரத வீதியிலேயே நிறுத்திவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை; அந்தக் காலத்தில் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வரும் வழக்கம் எங்களில் இல்லை. அக்கா மாம்பழ நிறப் பட்டில் மணையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பழைய நாலணா அகலத்துக்குப் பொட்டு. கூடம் முழுக்க ஈரத் துணி வாசமும் பன்னீர் வாசமும்.

மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு எழுந்து வந்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். பிறகு குங்குமத்தை எடுத்தார்கள். என் அம்மா பதறிக்கொண்டு முன்னால் போனாள்.

"மயினி, பொட்டுக்கு மேல லேசா வச்சிருங்க. போதும்."

"ஒட்டுப் பொட்டுக்கு மேல எப்படி வைக்க? குங்குமம் பிள்ளை நெத்தியில படணும்லா" என்று சிரித்துக்கொண்டே, நகத்தால் ஓரத்தை நெம்பி அதை எடுத்தார்கள்.

அடியில் இருந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். உரித்த முட்டை மாதிரி ஒரு வெள்ளை வட்டம். சுற்றிலும் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கத்தவில்லை. பொட்டைத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, அக்காவைத் தொட்ட விரல்களைத் தன் முந்தானையில் துடைத்தார்கள். ஒரு முறை துடைத்துவிட்டு, திரும்பவும் ஒரு முறை துடைத்தார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வயதிலும் யாராவது புடவையில் கை துடைத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தட்டு மாற்றவில்லை. "பைய யோசிச்சுச் சொல்லுதோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா எங்கள் அப்பாவிடம் சொன்னார். அவ்வளவுதான். மழை விடும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அந்த நோய்க்கு அப்போது எல்லோரும் சொன்ன பெயரை இன்று சொல்லக் கூடாது என்கிறார்கள். சரிதான். அந்தப் பெயரில் குஷ்டம் என்று ஒரு வால் இருந்தது. அந்த வால் போதும், ஒரு வீட்டுக்குள் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போவதற்கு.

பிறகு வீட்டுக்குள் விசாரணை தொடங்கியது. காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் எப்படி வரும்? அம்மா ஆற்றுத் தண்ணீர் என்றாள். நாங்கள் எல்லோரும் அதே தாமிரபரணியில்தானே குளிக்கிறோம் என்று அப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். கடைசியில் மாமாதான் கண்டுபிடித்தார்.

அக்காவோடு தையல் வகுப்பில் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி படித்தாள். கிறிஸ்தவப் பெண், அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மத்தியானம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மீனும் தயிரும் சேர்ந்தால் உடம்பு வெளுக்கும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு. அந்தப் பிள்ளைட்ட மீன் வாங்கித் தின்னியா இல்லியா?"

"இல்ல மாமா."

"தின்னுட்டு இங்கன வந்து மோர்ச்சோறு தின்னிருக்க. அதான் வெளுத்திருக்கு."

"சத்தியமா இல்ல மாமா."

மூன்று நாள் இதே கேள்வி, இதே பதில். அக்கா அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மாமாவின் பார்வை என்மேல் விழுந்தது. நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். விசாரணை முடியாமல் அம்மா இலை போடமாட்டாள்.

"ஏளா, நீதான அவ டிபன் டப்பாவக் கழுவுவ. மீன் வாசம் அடிச்சுதா இல்லியா?"

மீன் வாசம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் பார்த்தாள்.

"அடிச்சுது" என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எனக்குச் சோறு கிடைத்தது. அக்கா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தையல் வகுப்பு நின்றது. அந்தத் தோழி ஒருநாள் வீடு தேடி வந்து வாசலோடு திரும்பிப் போனாள்.

காரணம் கிடைத்துவிட்டதால் தேடுவதையும் நிறுத்திவிட்டோம். என் பொய்யில் அதுதான் பெரிய கெடுதல். தை, மாசி இரண்டு மாதமும் ஒரு வைத்தியர் சொன்னபடி கார்போகரிசி என்ற மருந்து விதையை அரைத்து நெற்றியில் பூசி, தட்டட்டியில் உச்சி வெயிலில் அக்காவை உட்காரவைத்தார்கள். மொட்டை மாடியின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். நெற்றி கொப்புளித்து உடையும். ஒரு மணி நேரம் கழித்துக் கீழே வருவாள். வந்ததும் அம்மா என்ன கொடுப்பாள்? ஆமாம். அந்தப் பொட்டைத்தான். யாராவது பார்த்துவிடக் கூடாது என்று.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம் பேசினார்கள். என்னைப் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்பே அக்காவை ராதாபுரத்தில் அப்பாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தைக்குத் துணை என்று சொன்னோம். அத்தைக்குத் துணை எதுவும் தேவைப்படவில்லை. பனையேறுகிறவரைப் போலத் திடமாக இருந்தாள். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைத்து அக்கா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். அளவு கச்சிதமாக இருந்தது. கல்யாண ஆல்பத்தில் அவள் எங்கும் இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான், எனக்கு ஓர் அக்கா உண்டு என்று என் மாமியாருக்குத் தெரிந்தது. போகட்டும் என்று நான் விட்டுவிட்டதாகவா நினைக்கிறீர்கள்? நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் இல்லை.

இப்போது அந்த டாக்டரம்மாவுக்கு வருகிறேன். கடிகாரப் பட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படித் தோலில் ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"எங்க அக்காவுக்கு நெத்தியில வெள்ளை உண்டு. அது வேற" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நெத்தியில மட்டுமா? நடுவுல, வட்டமாவா?"

"ஆமா."

"ஸ்டிக்கர் பொட்டு வைப்பாங்களா?"

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு மூக்கில் அந்தப் பஞ்சர் பசையின் வாசம் வந்தது. அந்த ஏசி அறையில், சத்தியமாக வந்தது.

"சில பொட்டோட பசையில ஒரு ரசாயனம் இருக்கும்மா. சிலருக்கு அது தோலோட நிறத்தையே எடுத்துரும். முதல்ல அரிக்கும், சிவக்கும், அப்புறம் வெளுக்கும். நேர்ல பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதக் கேட்டா அதாத்தான் இருக்கும்னு தோணுது."

"மீனு, தயிரு..." என்று இழுத்தேன்.

அவர் சிரித்தார். "அதெல்லாம் சும்மா. ஆரம்பத்துலயே பொட்ட நிறுத்தியிருந்தா நிறம் திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எத்தனை வருஷமா வைக்கிறாங்க?"

சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மறுநாளே ராதாபுரம் பஸ் ஏறினேன். வள்ளியூர் தாண்டினால் பனையும் காற்றாலையும்தான். கையில் நல்ல மஞ்சளில் செய்த குங்குமம் ஒரு டப்பா வாங்கிவைத்திருந்தேன், ஏதோ மருந்து கொண்டுபோகிறவள் மாதிரி. அத்தை செத்து வெகுகாலம் ஆயிற்று. அந்த வீட்டில் அக்கா தனியாக இருந்து ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள். அறுபத்தைந்து வயது. கூடத்துச் சுவரில் எங்கள் வீட்டுத் தேக்குக் கண்ணாடி. அப்பா இறந்தபிறகு அவள் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். அதில் வரிசையாகப் பொட்டுகள்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே நெற்றிப் பொட்டை உரித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நெற்றியில் அந்த வட்டம் இப்போது தலைமுடிவரை போயிருந்தது.

"அப்பம் மீனு இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா. மீனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதாம். நான் அன்னைக்கிப் பொய் சொன்னேன்க்கா. எனக்கு ஒரு வாசமும் தெரியல."

"நீ பொய் சொல்லலட்டி" என்றாள். "நான் தின்னேன்."

வெளியே காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு துண்டு. அவ நெதம் கொண்டுவருவா, ஒருநா ஆசையா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து மோர்ச்சோறும் தின்னேன். நீ அடிச்சுதுன்னு சொன்னதும், பிள்ளை சரியாத்தான் சொல்லுதான்னு நினைச்சேன். இத்தனை வருசமும் நாக்குக்கு ஆசைப்பட்டோம், அனுபவிக்கோம்னு இருந்தேன். அப்படி நினைச்சா மனசு அடங்கிக் கிடக்கும், பாத்துக்க. இப்பம் வந்து ஒண்ணுத்துக்கும் இல்ல, வெறும் பசைக்குன்னு சொல்லுத."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை.

"அந்த மனுசன் கேட்டாருலா, உறக்கம் வருமான்னு" என்றாள்.

வாசலில் ஒரு பெண் குரல் கொடுத்தாள், "ரவிக்கை ஆயிட்டா?" என்று. அக்கா எழுந்து கண்ணாடி முன்னால் போனாள். மேசையில் என் குங்கும டப்பா இருந்தது. "ஒரு மாசம் வைக்காம இருந்து பாரேன்க்கா" என்றேன். அவள் கண்ணாடியிலிருந்து வேறொரு பொட்டை எடுத்து நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்தினாள்.

"இத வேற யார்ட்டயும் சொல்லாத" என்றாள். "பெருசு பெருசா வாங்கித் தந்தது அம்மா. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அம்மா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.